பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அடிப்பக்கம் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. ஆனால் வாங்கிப் போட்டால் ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறும், நினைத்த நேரத்தில் விற்றுப் பணமாக்கலாம் என்று கட்டுரை சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கார்களின் அடியில் படுத்துக் கழித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாமல் வெட்ட நேர்ந்தால், துருவைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கட்டுரையில் நீங்கள் கொடுத்த விலைகள் உண்மைதான். 1955-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே 2022-ல் 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018-ல் அமெரிக்காவில் 4.84 கோடி டாலருக்குப் போனது. ஆனால் அந்த மெர்சிடிஸ் உலகத்தில் இரண்டே இரண்டு. 250 ஜிடிஓ மொத்தமே 36. உங்கள் வாசகர் கைக்கு எட்டக்கூடியவை இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களான எம்ஜிபி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், வசதி நிறைய இருந்தால் ஜாகுவார் இ-டைப். 1962-லிருந்து 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் எம்ஜிபி செய்தார்கள். அதே ஆண்டுகளில் கவென்ட்ரியில் ஸ்பிட்ஃபயர் 3 லட்சத்தைத் தாண்டியது. இ-டைப்கூட 70,000-க்கு மேல். இத்தனை வண்டிகள் இருக்கும்போது அபூர்வம் என்று சொல்லி யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். ஒரே ஆண்டு, ஒரே நிறம், ஒரே மாடல் எம்ஜிபி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒன்றின் மதிப்பு மற்றதைப் போல மூன்று மடங்கு இருக்கலாம். அந்த வித்தியாசம் முழுக்க வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

விலை எப்போதும் ஏறும் என்பதும் சரியல்ல. 1980-களின் கடைசியில் நான் இங்கிலாந்தில் இருந்தேன். 1988 ஆகஸ்டில் ஃபெராரி நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி இறந்தார். அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்த விலைகள் பிறகு தறிகெட்டு ஓடின. ஃபெராரி ஏறியதைப் பார்த்து ஜாகுவார் ஏறியது, ஜாகுவாரைப் பார்த்து எம்ஜிபி ஏறியது. பல் மருத்துவர்களும் வீட்டுத் தரகர்களும் கடன் வாங்கி இ-டைப் வாங்கினார்கள். 1989 அக்டோபரில் இங்கிலாந்தில் வங்கி வட்டி 15 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வாங்க ஆளில்லை. பாதி வேலையில் பட்டறையில் நின்ற வண்டிகளை எடுத்துப்போக உரிமையாளர்கள் வரவேயில்லை. அந்த வண்டிகளுக்குத் தார்ப்பாய் போட்டு மூடியவர்களில் நானும் ஒருவன். பிறகு விலை மீண்டது உண்மை. அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை தாக்குப்பிடிக்க முடிந்தவர்கள் கடன் இல்லாமல் வாங்கியவர்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவன் யார் இதைச் சொல்ல என்று கேட்பீர்கள். நான் தொழில் கற்றது சென்னையில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைப் பழுதுபார்த்த ஒரு பட்டறையில். வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்து அந்தக் காரைச் செய்தார்கள். கவென்ட்ரியின் டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கேலாட்டி வரைந்த வடிவம். அதே ஹெரால்டின் சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, குட்டையாக்கி, அதே மிக்கேலாட்டியை வைத்து வரைந்ததுதான் ஸ்பிட்ஃபயர். எஞ்சினும் ஒரே குடும்பம்: நம் ஊர் ஹெரால்டில் 948 சிசி, ஸ்பிட்ஃபயரில் 1147, பிறகு 1296, கடைசியில் 1493. அதனால் பர்மிங்காம் பக்கத்தில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் தூக்கியதுமே எனக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. அங்கேயே ஓய்வு பெற்று இப்போது பொன்மலையில் இருக்கிறேன்.

இந்த விஷயம் இப்போது ஏன் அவசரம் என்றால், முன்பெல்லாம் இப்படிப்பட்ட பழைய வண்டிகளில் 1950-க்கு முந்தியவற்றைத்தான் நம் நாட்டுக்குள் கொண்டுவர முடியும். 2025-ல் அந்த விதி தளர்ந்து, 50 ஆண்டு கடந்த வண்டிகளைச் சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்யலாம் என்றாகிவிட்டது. எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர், இ-டைப் எல்லாம் இந்த வாசல் வழியாக உள்ளே வரலாம். இதுவரை ஆசை மட்டும் பட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது வெளிநாட்டு விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். கப்பல் கூலி, சுங்கம், வரி எல்லாம் சேர்த்தால் காரின் விலைக்கு மேலேயே போகும். அவ்வளவு கொடுத்து ஓட்டைத் தகரத்தை இறக்கினால் திருப்பி அனுப்ப முடியாது.

கரூரில் ஜவுளி ஏற்றுமதி செய்யும் என் அண்ணன் மகன் உங்கள் கட்டுரையைப் படித்த கையோடு எனக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பினான். 1972 எம்ஜிபி, சிவப்பு, கம்பிச் சக்கரம், 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்ற வாசகம். "சித்தப்பா, நீங்க சரின்னு சொன்னா இன்னிக்கே அட்வான்ஸ் அனுப்பிடறேன்" என்றான். இருபதுக்கும் மேற்பட்ட படங்கள். டேஷ்போர்டு மூன்று கோணத்தில், சக்கரம் நான்கு கோணத்தில், கடற்கரையில் அந்தி வெயிலில் ஒன்று. வண்டியின் அடிப்பக்கப் படம் ஒன்றுகூட இல்லை. கதவைத் திறந்து வைத்து எடுத்த படமும் இல்லை. நான் வேண்டாம் என்றேன். "பார்க்காமலேயே எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. தகட்டு உடம்பே வண்டியைத் தாங்குகிறது. கூரை இல்லாத மாடலில் அந்தப் பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பது கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் பெட்டி போன்ற பகுதி. அதை 'சில்' என்பார்கள். வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் ஒரு தடுப்பு, அடியில் மடிப்பு மடிப்பாக இன்னொரு தகடு. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் சக்கரத்திலிருந்து தெறித்து உள்ளே போய், வெளியேறும் துளைகள் மண்ணால் அடைபட்டதும் அங்கேயே தங்கிவிடும். வெளித்தகடு கண்ணாடி மாதிரி பளபளக்கும். உள்தகடு அப்பளமாக உதிரும்.

இதை முறையாகச் சரிசெய்ய வேண்டும் என்றால் முன் மட்கார்டைக் கழற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் சில் அதற்குப் பின்னால் வரை போகிறது. பின்பக்க மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டி, வேலை முடித்து, புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கூரை இல்லாத வண்டியில் வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பில் கம்பி கொடுத்து இழுத்துப் பிடிக்காவிட்டால் உடம்பே நடுவில் தொய்ந்துவிடும். டிங்கருக்கு வாரக்கணக்கில் வேலை. இத்தனையும் செய்ய மனமில்லாதவர்கள் பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விடுகிறார்கள். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நேரில் பார்க்கும்போது கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கதவை மூடி, கதவின் பின்விளிம்புக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலிருந்து கீழ் வரை பாருங்கள். மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு, வண்டிக்கென்று கொடுத்திருக்கும் ஜாக்கி வைக்கும் இடத்திலேயே ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நல்ல எம்ஜிபியில் தூக்கிய நிலையிலும் கதவு தடையில்லாமல் திறந்து மூடும். மோசமான வண்டியில் கதவு சிக்கும், அல்லது ஜாக்கி தகட்டுக்குள் நறநறவென்று இறங்கும். விற்பவர் தூக்க வேண்டாம் என்று மறுத்தால் அதுவே பதில்.

துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று போதும் பட்டியைக் கண்டுபிடிக்க. சில்லின் மீதும், கதவுக்குப் பின்னால் மட்கார்டின் கீழ்மூலையிலும், ஹெட்லைட்டைச் சுற்றியும் வைத்துப் பாருங்கள். எங்கே காந்தம் வழுக்கி விழுகிறதோ அங்கே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பெயிண்ட் கனம் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் ஏறக்குறைய 100, 150 மைக்ரான் காட்டும்; ஒரு முறை மறுபடி அடித்திருந்தால் 200, 300; ஆயிரத்தைத் தாண்டினால் பட்டி. பின் ஸ்பிரிங்கின் முன்முனை உடம்போடு சேரும் இடத்தையும் பாருங்கள். அந்த இடம் போயிருந்தால் பின் அச்சே ஆட்டம் கொடுக்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்து வைத்திருக்கும் வண்டியைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். கறுப்புப் பூச்சுக்கு மேல் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள்: கெட்டித் தகடு கணீர் என்று சொல்லும், துருப்பிடித்தது பொத்தென்று மழுங்கும்.

நம் கிராமத்துச் சந்தையில் மாட்டின் கொம்புக்குப் பூசிய வர்ணத்தைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை, பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். எம்ஜிபிக்குப் பல் இந்தச் சில்தான். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் செலவு. எஞ்சின் போனால் பயப்பட வேண்டாம். 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின் எளிமையானது, உதிரிபாகம் எல்லாம் இன்றும் கிடைக்கிறது, திருச்சியில் ஒரு நல்ல லேத்காரர் இருந்தால் சிலிண்டரைக் கடைந்து, கிராங்க் ஷாஃப்டை அரைத்து முடித்துவிடலாம். உடம்பு போனால் அப்படி அல்ல. பழைய அச்சுகளை வைத்தே 1988 முதல் இங்கிலாந்தில் எம்ஜிபிக்குப் புது உடம்பு முழுசாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள் என்றால் எத்தனை வண்டிகள் அந்த நிலைக்குப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மோசமான எம்ஜிபிக்கும் நல்ல எம்ஜிபிக்கும் விளம்பரத்தில் இருக்கும் விலை வித்தியாசம், மோசமானதை நல்லதாக்க ஆகும் செலவில் ஒரு பங்குகூட வராது. எப்போதும் நல்லதை, கூடுதல் விலை கொடுத்தே வாங்குங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நீங்கள் போகும் முன்பே சூடேற்றி வைத்திருக்கிறார்களா என்று ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சூடான பிறகு, சாலையில் ஓடும்போது எம்ஜிபியில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐ-க்குக் குறையாமல் நின்றால் திருப்தி. கம்பிச் சக்கர வண்டியில் முன்னும் பின்னும் நகர்த்தும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் சக்கரம் அச்சோடு பொருந்தும் இடத்திலுள்ள பற்கள் தேய்ந்திருக்கின்றன. அது பெரிய செலவு இல்லை, பேரத்துக்கு உதவும்.

ஸ்பிட்ஃபயரில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பானெட் முழுவதும் முன்பக்கமாகத் திறந்துகொள்ளும் என்பதால் ஒருவர் எஞ்சின் பக்கத்திலேயே நிற்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு இன்னொருவர் கிளட்சை மிதித்து விடட்டும். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் இருக்கும் புல்லியைக் கவனியுங்கள். அது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் உள்ளே அதை நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. கால் மில்லிமீட்டருக்குள்தான் அந்த ஆட்டம் இருக்க வேண்டும். முற்றிலும் தேய்ந்தால் வாஷர் கீழே ஆயில் தொட்டியில் விழுந்து, கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். எவ்வளவு நன்றாக எஞ்சின் பாடினாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்பிட்ஃபயர் வாங்காதீர்கள். அதேபோல் முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் அடி இணைப்பான ட்ரனியனையும் பார்க்க வேண்டும். ஹெரால்டில் வேலை பார்த்த எந்த மெக்கானிக்கும் சொல்வார், அதற்கு கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். ஆயில் காட்டாமல் விட்ட வண்டியில் அந்த இணைப்பு ஒருநாள் முறிந்து முன் சக்கரம் மடிந்துவிடும். கடைசியாக எப்போது ஆயில் கொடுத்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் முகத்திலேயே தெரிந்துவிடும், வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று.

ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேஸிஸ் இருப்பதால் உடம்பு துருப்பிடித்தால் பரவாயில்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஹெரால்டின் சேஸிஸில் இரு பக்கமும் நீளும் கிளைச் சட்டங்கள் ஸ்பிட்ஃபயரில் இல்லை. நடுவில் முதுகெலும்பு மட்டும்தான். பக்கவாட்டு விறைப்பை இங்கேயும் சில்தான் கொடுக்கிறது.

இ-டைப் வேறு கதை. 1961 மார்ச்சில் ஜெனிவாவில் வந்த நாளிலிருந்து அதை விரும்பாதவர் இல்லை. ஆசை கண்ணை மறைப்பதும் அதில்தான் அதிகம். முன்பக்கம் எஞ்சினைத் தாங்குவது மெல்லிய குழாய்களை இணைத்துச் செய்த சட்டம். அந்தக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் புதுசாக இருக்கும். அதைப் பழகிய ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முன்பாதி முழுவதையும் மூடும் அந்த நீண்ட பானெட் அடிபட்டிருந்தால் அதைச் சரிசெய்யும் செலவில் ஒரு ஸ்பிட்ஃபயரே வாங்கிவிடலாம்.

இ-டைப்பில் எண்கள் முக்கியம். எஞ்சின், சிலிண்டர் ஹெட், கியர் பாக்ஸ், உடம்பு, சேஸிஸ் எல்லாவற்றிலும் எண் அடித்திருப்பார்கள். தொழிற்சாலையை விட்டு வந்தபோது என்ன எண், என்ன நிறம், எந்தத் தேதி என்று ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. பணம் கொடுக்கும் முன் அதை வாங்கி, வண்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். இன்னொன்று: இ-டைப் பெரும்பாலும் அமெரிக்காவுக்குத்தான் போயிற்று. அங்கிருந்து திரும்ப வந்தவற்றில் பலவற்றை இடப்பக்க ஸ்டீயரிங்கிலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். 3.8 லிட்டர் திறந்த மாடலில் பிறப்பிலேயே வலப்பக்க ஸ்டீயரிங் என்றால் சேஸிஸ் எண் 850-ல் தொடங்கும், இடப்பக்கம் என்றால் 875-ல். கூரையுள்ள கூபேயில் 860-ம் 885-ம். 875-ல் தொடங்கும் வண்டியில் வலப்பக்கம் ஸ்டீயரிங் இருந்தால் மாற்றியிருக்கிறார்கள். ஓட்ட அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிறவி வலப்பக்க வண்டியின் விலையைக் கேட்டால் கொடுக்கக் கூடாது. எம்ஜிபி, டிரையம்ப் கார்களுக்குக் கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இதே மாதிரிச் சான்றிதழ் தருகிறது. எம்ஜிபிக்கு எஞ்சின் மாறியிருந்தால் விலை பெரிதாகக் குறையாது. இ-டைப்புக்குக் கட்டாயம் குறையும்.

வண்டி இங்கிலாந்தில் இருக்கிறது, நீங்கள் கரூரில் இருக்கிறீர்கள், எப்படிப் பார்ப்பது? முதல் வேலை, விளம்பரப் படத்தில் தெரியும் நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி தகுதிச் சோதனையின் பதிவுகள் 2005 முதல் கணினியில் இருக்கின்றன. அரசு இணையதளத்தில் நம்பரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். என் அண்ணன் மகன் அனுப்பிய அந்தச் சிவப்பு எம்ஜிபியின் நம்பரைப் போட்டுப் பார்த்தோம். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே குறிப்பு: சில் பகுதியில் துரு, சீட் பெல்ட் பொருத்திய இடத்துக்கு அருகில் துரு. பிறகு பதிவே இல்லை. 2018 மே மாதத்திலிருந்து 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. துரு என்று எழுதப்பட்ட வண்டி, சோதனையே இல்லாத சில ஆண்டுகளுக்குப் பிறகு, புதுச் சிவப்புப் பெயிண்டில் 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று வந்து நிற்கிறது. சில் மாற்றிய வேலையின் படங்களும் பில்லும் கேட்டு எழுதச் சொன்னேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் வீடியோ வந்தது.

இப்போது அவன் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு 1969 எம்ஜிபி ஜிடி. கூரையுள்ள மாடல், மங்கின பச்சை, ஆங்காங்கே கீறல். பார்க்க அழகு குறைவு, விலையும் திறந்த மாடலைவிடக் குறைவு. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் கூரைதான் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் அந்த வண்டியோடு ஒரு கனத்த கோப்பு இருக்கிறது: எந்த ஆண்டு சில் மாற்றினார்கள், மட்கார்டைக் கழற்றி எடுத்த படங்கள், வெல்டிங்குக்கு எத்தனை மணிநேரக் கூலி, துருத்தடுப்பு மெழுகு எப்போது உள்ளே பீய்ச்சினார்கள் என்று எல்லாம். தகுதிச் சோதனையும் கட்டாயமில்லாதபோதுகூட ஆண்டுதோறும் செய்திருக்கிறார்கள். விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு பரிசோதகரைக் கூலி கொடுத்து அனுப்பி, ஜாக்கியில் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அவர் அறிக்கை வந்த பிறகுதான் முடிவு.

விலையைப் பொறுத்தவரை ஒன்று சொல்கிறேன். விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்ற முடிவுகளைப் பாருங்கள். ஏல நிறுவனங்கள் அவற்றை வெளியிடுகின்றன. அதிலும், சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் தனி என்பதை மறக்க வேண்டாம். விலைப்பட்டியல் வெளியிடுபவர்கள் வண்டியின் நிலையை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் போட்டிக் கண்காட்சிக்குப் போகும் தரம். விற்பவர் எல்லோரும் தங்கள் வண்டி 2 என்பார்கள். என் அனுபவத்தில் அதில் பெரும்பான்மை 3, சில 4. நிலையை நீங்களே முடிவு செய்த பிறகுதான் பட்டியலில் விலையைத் தேட வேண்டும். எம்ஜிபியில் குரோம் பம்பர் வண்டிக்கு விலை அதிகம். 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள், அவற்றுக்கு மதிப்பு குறைவு. 50 ஆண்டுக் கணக்கு இப்போது அந்த ரப்பர் பம்பர் வண்டிகளையும் எட்டிவிட்டது. ஓட்டி மகிழ வேண்டும் என்று வாங்குபவருக்கு அவை மோசமில்லை, துரு இல்லாமல் இருந்தால்.

புதுப்பிக்கும் ஆர்வத்தில் வண்டியை மாற்றிவிடாமல் இருப்பதும் அவசியம். 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்த காரை 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி வரிசையில் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அப்படிப் பதிவான வண்டியைத் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டிப் போகவும் முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். இங்கே கொண்டுவந்து டீசல் எஞ்சின் மாற்றிக்கொள்ளலாம், ஏசி வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். அதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. எம்ஜிபியைச் செய்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980-லேயே மூடிவிட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே எஞ்சியிருக்கும் ஒவ்வொரு வண்டியும் இன்னொன்று செய்ய முடியாதது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வரும் என்று கீழே போட்டிருந்தீர்கள். அதில் கோடிக்கணக்கான ஏல விலைகளுக்குப் பதிலாக, சாதாரண எம்ஜிபி ஒன்றை வாங்கி, கப்பலில் ஏற்றி, சுங்கம் கட்டி, பதிவு செய்து முடிக்க ஆகும் முழுச் செலவையும் ஒருவரிடம் கேட்டு ரசீதுகளோடு போடுங்கள். படம் போடும்போது வண்டியை ஜாக்கியில் தூக்கி அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நல்ல சில் எப்படி இருக்கும், ஒட்டுப்போட்ட சில் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்ட என்னிடம் பட்டறைக் காலத்துப் படங்கள் இருக்கின்றன. கேட்டால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
க. மு.
ஓய்வுபெற்ற கார் மெக்கானிக்
பொன்மலை, திருச்சி